பள்ளி மாணவர்களுக்கு பிளம்பிங், ஹீட்டிங் தொழிலைக் கற்றுக்கொடுப்பது எப்படி?

15 ஆண்டுகள் பிளம்பிங், ஹீட்டிங் வேலை பார்த்துவிட்டு, இப்போது தொழிற்கல்வி மேல்நிலைப் பள்ளியில் பயிற்றுநராகச் சேரப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். வகுப்பில் 16, 17 வயதுப் பிள்ளைகள் 20 பேர். எதிலிருந்து தொடங்குவது, கணக்கையும் அறிவியலையும் எப்படிச் சேர்ப்பது, பட்டறையில் யாருக்கும் அடிபடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்கிறீர்கள். நானும் உங்களைப் போலவே வேலைத்தளத்திலிருந்து வகுப்புக்கு வந்தவன். அதனால் என் முதல் ஆண்டில் நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த ஆண்டு முழுக்க வெட்டுவது, மரை போடுவது, பற்றவைப்பது என்று இணைப்பு வேலையையே சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகளும் நன்றாகவே செய்தார்கள். ஆண்டு முடிவில், பட்டறைச் சுவரில் மாட்டியிருந்த, உள்ளே வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்களில் ஒன்று மேல்பாதி சூடாகாமல் இருந்தது. வகுப்பிலேயே அழகாக இணைப்புப் போடும் பையனைக் கூப்பிட்டு, "இதைச் சரிசெய்" என்றேன். அவன் ரென்ச்சை எடுத்து ரேடியேட்டரையே கழற்றத் தொடங்கிவிட்டான். உள்ளே காற்று அடைத்திருந்தது, அவ்வளவுதான். மேலே இருக்கும் காற்றுத் திருகை அரைச் சுற்று திறந்திருந்தால் போதும். அவன் மேல் ஒரு தவறும் இல்லை. ஓராண்டு முழுக்க நான் அவனுக்குக் குழாயைச் சொல்லிக்கொடுத்தேனே தவிர, குழாய்க்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. அதன் பிறகு பாடத்தின் வரிசையையே மாற்றிவிட்டேன்.

முதல் வாரம் ரென்ச் வேண்டாம். ஒரு வாளி, பருமனாக ஒன்றும் மெல்லியதாக ஒன்றுமாக உள்ளே தெரியும் இரண்டு பிளாஸ்டிக் ஹோஸ், ஒரு வால்வு, ஒரு பிரஷர் கேஜ் இருந்தால் போதும். கேஜ் 0 முதல் 1 பார் (அழுத்தத்தின் அலகு) வரை காட்டுவதாக இருக்கட்டும். வேலைத்தளத்தில் பயன்படுத்தும் 10 பார் கேஜில் இந்தச் சோதனைக்கு முள் அசைவதே தெரியாது. வாளியை ஏணியில் 2 மீட்டர் உயரத்தில் வைத்து, ஹோஸின் கீழ்முனையில் வால்வையும் கேஜையும் பொருத்துங்கள். தண்ணீரைத் திறந்துவிடும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: வால்வு மூடியிருக்கும்போது எந்த ஹோஸில் அழுத்தம் அதிகம், பருமனானதிலா மெல்லியதிலா? பெரும்பாலானோர் பருமனானதில் என்பார்கள். அந்தப் பதிலைப் பலகையில் எழுதிவிட்டுப் பிறகு காட்டுங்கள். இரண்டிலும் முள் 0.2 பாரில்தான் நிற்கும். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார், 2 மீட்டருக்கு 0.2. தண்ணீர் நிற்கும்போது உயரத்தைத் தவிர வேறெதற்கும் அங்கே வேலையில்லை. இப்போது வால்வைத் திறக்கச் சொல்லுங்கள். இரண்டிலுமே முள் இறங்கும், மெல்லிய ஹோஸில் அதிகமாக இறங்கும். உராய்வு கணக்குக்குள் வரும் இடம் அது.

இதற்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்குங்கள். "அழுத்தம் இல்லை" என்று வீட்டுக்காரர்கள் சொல்லும் புகாரில் பெரும்பகுதி ஓட்டக் குறைவுதான். மூடிய குழாயில் கேஜ் சரியாகக் காட்டும், திறந்தால் நூலாக ஒழுகும். அழுத்தத்துக்கும் ஓட்டத்துக்கும் வேறுபாடு தெரியாத ஒருவர் அங்கே பம்ப் மாற்றச் சொல்வார். தெரிந்தவர் பாதி மூடிய வால்வையோ, துருப்பிடித்து உள்விட்டம் சுருங்கிய குழாயையோ தேடுவார். அதே அழுத்த இழப்புக்கு விட்டத்தைப் பாதியாக்கினால் ஓட்டமும் பாதியாகும் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். உண்மையில் அது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகிவிடும். சூத்திரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வாளி நிரம்ப எத்தனை நொடி என்று கடிகாரம் வைத்து அவர்களே அளக்கட்டும்.

அடுத்தது கழிவுநீர்ப் பக்கம். டிராப் என்பது கொஞ்சம் தண்ணீரைத் தேக்கிவைத்து, கழிவுக் குழாயின் காற்று வீட்டுக்குள் வராமல் தடுக்கும் வளைந்த குழாய். கண்ணாடிபோல் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டிராப் ஒன்றை வாங்கி, அதன் பின்னால் காற்றுக் குழாய் இல்லாமல் நீளமாகக் கீழே இறங்கும் குழாயைப் பொருத்துங்கள். தொட்டி நிறையத் தண்ணீரை ஒரே மூச்சில் இறக்கினால், போகிற தண்ணீர் டிராப்பில் நிற்க வேண்டிய தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். காற்றுக் குழாயைத் திறந்து வைத்துவிட்டு மறுபடி செய்தால் தண்ணீர் அப்படியே நிற்கும். கூரைக்கு மேலே ஏன் ஒரு குழாய் வெறுமனே நீட்டிக்கொண்டிருக்கிறது என்ற கேள்விக்கு அன்றே பதில் கிடைத்துவிடும்.

அந்த வகுப்பின் கடைசியில் ஹாங்காங்கில் நடந்ததைச் சொல்வேன். 2003இல் சார்ஸ் பரவியபோது, அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் மட்டும் 300க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று வந்தது. 42 பேர் இறந்தார்கள். ஆராய்ந்தவர்கள் சுட்டிய காரணங்களில் முக்கியமானது குளியலறைத் தரையின் வடிகால் டிராப்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவாததால் அவை வறண்டுபோயிருந்தன. கழிவுக் குழாயிலிருந்த நுண்துளிகள் அந்த வழியாக வீட்டுக்குள் வந்தன. சில சென்டிமீட்டர் தண்ணீர் எதைத் தடுத்து நிற்கிறது என்பது புரிந்த பிறகு, டிராப்பை எந்தப் பிள்ளையும் அலட்சியமாகப் பொருத்துவதில்லை. "பிளம்பர் வேலை" என்று தாழ்வாகப் பேசக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். தாங்கள் கற்பது மக்களின் உயிரைக் காக்கும் வேலை என்பதை முதல் மாதத்திலேயே அவர்கள் அறிய வேண்டும். அதை அறிவுரையாகச் சொன்னால் காதில் ஏறாது. நடந்ததைச் சொன்னால் ஏறும்.

இரண்டாம் மாதத்திலிருந்து கைவேலை. கைத்தொழிலைச் சிறு செயல்களாகப் பிரித்து, எளியதிலிருந்து கடினமானதுக்குப் போகும் முறையை 1860களின் கடைசியில் மாஸ்கோவின் தொழில்நுட்பப் பள்ளியில் விக்டர் டெல்லா வோஸ் வகுத்தார். 1876இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் வைக்கப்பட்டதும் அது அமெரிக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. முதல் உலகப் போர்க் காலத்தில் கப்பல் கட்டும் தளங்களுக்குப் புதியவர்களை விரைவாகப் பழக்க வேண்டியிருந்தபோது, அமெரிக்கத் தொழிற்கல்வியாளர் சார்லஸ் ஆலன் கற்பிக்கும் முறையை நான்கு படிகளாகச் சொன்னார்: தயார்படுத்து, செய்து காட்டு, செய்ய வை, சோதித்துப் பார். இன்றும் பட்டறையில் இதைவிட நல்ல சட்டகம் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் உங்களைப் போல, என்னைப் போல, களத்திலிருந்து வருபவர்களுக்கு இதில் இரண்டு இடங்களில் இடறும். செய்து காட்டும்போது மிக வேகமாகச் செய்துவிடுவோம். பைப் கட்டரை ஒவ்வொரு சுற்றுக்கும் எவ்வளவு இறுக்குகிறோம், உள்விளிம்புப் பிசிறை எப்போது எடுக்கிறோம் என்பதெல்லாம் நம் கைக்குத் தெரியும், வாய்க்கு வராது. நீங்கள் ஒரு இணைப்புப் போடுவதை வீடியோ எடுத்துப் பாருங்கள். சொல்லாமல் விட்ட அசைவுகள் குறைந்தது பத்து தேறும். மற்றொன்று மூன்றாம் படி. பிள்ளை தடுமாறும்போது கருவியைப் பிடுங்கி நாமே முடித்துவிடுவோம். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கப் பழகினேன். அதற்கு எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

செம்புக் குழாய் பற்றவைப்பை அறிவியல் பாடமாகவே நடத்தலாம். தீயைக் குழாய்களை இணைக்கும் துண்டான ஃபிட்டிங்கில் காட்ட வேண்டும், உருகி ஒட்டவைக்கும் உலோகமான சால்டர் கம்பியில் காட்டக் கூடாது. குழாயின் சூட்டிலேயே சால்டர் உருகி, மயிரிழை இடைவெளிக்குள் தானே இழுத்துக்கொள்ளப்படும். மேல்நோக்கி இருக்கும் இணைப்பிலும் அது மேலே ஏறிப் போவதை முதல்முறை பார்க்கும்போது பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். பிறகு ஒருவனிடம், உள்ளே கொஞ்சம் தண்ணீர் தேங்கிய குழாயைக் கொடுங்கள். எவ்வளவு நேரம் தீ காட்டினாலும் சால்டர் பிடிக்காது. ஏன்? உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரிக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். சால்டருக்கு 200 டிகிரிக்கு மேல் வேண்டும். கொதிநிலை, உள்ளுறை வெப்பம் என்று புத்தகத்தில் படித்தது கைக்கு வரும் இடம் இது.

போட்ட இணைப்பைப் பார்த்து "அழகாக இருக்கிறது" என்று விட்டுவிடாதீர்கள். முதலில் தண்ணீர் நிரப்பிக் கைப்பம்பால் அழுத்தச் சோதனை. அடுத்து, ரம்பத்தால் நீளவாக்கில் இரண்டாக அறுத்து உள்ளே பார்க்க வேண்டும். சால்டர் முழுவதும் பரவியிருக்கிறதா, ஒரு பக்கம் ஃபிளக்ஸ் (சால்டர் பிடிப்பதற்காக முன்னால் தடவும் பசை) மட்டும் கருகிக் கிடக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். அழுத்தச் சோதனையில் தேறிய இணைப்பைக்கூட அறுக்க வைப்பேன். ஒழுகாத இணைப்பிலும் பாதிதான் பிடித்திருக்கும் என்பதை அவர்கள் கண்ணால் காண வேண்டும். தன் வேலையைத் தானே அறுத்துப் பார்க்கும் பழக்கம் வந்த பிள்ளையை நீங்கள் மேற்பார்வையிடத் தேவையில்லை.

இங்கே ஒரு சொல்லை விளக்கிவிட்டுப் போகிறேன். ஈயத்துக்கு லத்தீனில் பிளம்பம் என்று பெயர், அதன் வேதியியல் குறியீடு அதிலிருந்து வந்ததுதான். பிளம்பர் என்றால் ஈய வேலைக்காரர். ஆனால் ஈயம் மூளையையும் நரம்பையும் கெடுக்கும், குழந்தைகளை அதிகமாகக் கெடுக்கும். குடிநீர்க் குழாயில் ஈயம் கலந்த சால்டரை அமெரிக்கா 1986இல் தடை செய்தது. பட்டறையில் குடிநீர் வேலைக்கு ஈயமில்லாத சால்டர் மட்டுமே இருக்கட்டும். பழைய சுருள் ஏதாவது அலமாரியில் கிடந்தால் முதல் நாளே அப்புறப்படுத்துங்கள்.

கணக்குக்குத் தனி வகுப்பு வைக்காதீர்கள். வேலையிலேயே அது வரும். கழிவுக் குழாய்க்கு 40க்கு 1 வாட்டம் என்றால் 3 மீட்டர் நீளத்தில் கடைசி முனை எவ்வளவு இறங்க வேண்டும்? 75 மில்லிமீட்டர். சுவரில் குறித்து, ரசமட்டம் வைத்துப் பார்க்கட்டும். 45 டிகிரி எல்போ (வளைவான ஃபிட்டிங்) இரண்டைப் போட்டுக் குழாய் பக்கவாட்டில் 200 மில்லிமீட்டர் விலக வேண்டும் என்றால் சாய்வு நீளம் 1.414ஆல் பெருக்கி 283. அந்த அளவுக்கு வெட்டிவிட்டு, பொருத்தும்போது குழாய் நீளமாக இருக்கிறதே என்று விழிப்பார்கள். ஃபிட்டிங் எடுத்துக்கொள்ளும் நீளத்தைக் கழிக்க மறந்திருப்பார்கள். முன்கூட்டியே எச்சரிக்காதீர்கள். ஒரு துண்டுக் குழாய் வீணாகட்டும். "எனக்குக் கணக்கு வராது சார்" என்று சொன்ன பெண் ஒருத்தி இதே இடத்தில்தான் கணக்கைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த ஆண்டு மற்றவர்களின் வரைபடத்தை அவள்தான் திருத்திக்கொண்டிருந்தாள்.

ஹீட்டிங் பக்கத்தில் முதல் கணக்கு இது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.19 கிலோஜூல் வேண்டும். 20 லிட்டரை 30 டிகிரி உயர்த்த 2 கிலோவாட் ஹீட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கணக்குப்படி 21 நிமிடம். உண்மையாகவே ஓடவிட்டு அளந்தால் அதைவிட நேரமாகும். இடையில் போன வெப்பம் எங்கே என்று தேடும்போது வெப்பக் காப்புப் பாடம் தானாகத் தொடங்கிவிடும்.

இரண்டாவது கணக்கு உயிர் சம்பந்தப்பட்டது. 200 லிட்டர் தண்ணீர் உள்ள மூடிய ஹீட்டிங் அமைப்பை 10 டிகிரியிலிருந்து 80க்குச் சூடாக்கினால் தண்ணீர் ஏறத்தாழ 6 லிட்டர் கூடும். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. அந்த 6 லிட்டர் எங்கே போகும்? விரிவுத் தொட்டி ஏன் இருக்கிறது, அதன் காற்றுப் பை கெட்டுப்போனால் பாதுகாப்பு வால்வு ஏன் ஒழுகத் தொடங்குகிறது என்பது இந்த ஒரு கேள்வியில் அடங்கும். ஒழுகும் பாதுகாப்பு வால்வை அடைப்பது எவ்வளவு கொடிய செயல் என்பதையும் இங்கேயே சொல்லுங்கள். 1982 ஜனவரியில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஸ்பென்சர் என்ற ஊரின் தொடக்கப் பள்ளியில் வெந்நீர்க் கொதிகலன் வெடித்து ஆறு குழந்தைகளும் ஓர் ஆசிரியரும் இறந்தார்கள். அழுத்தத்தில் அடைபட்ட தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீராகவே இருக்கும். கலம் கிழிந்த நொடியில் அதில் ஒரு பகுதி ஆவியாகி, அந்தப் பகுதி தன் கன அளவைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல் விரியும்.

எரிவாயுப் பாடத்துக்கும் இதுபோன்ற ஒரு நிகழ்வு உண்டு, அதில் பட்டறை ஆசிரியர்களான நமக்கு வலிக்கும் ஓர் இடமும் உண்டு. டெக்சஸ் மாநிலம் நியூ லண்டன் பள்ளியில் 1937 மார்ச் 18 அன்று, மணமில்லாத எரிவாயு கசிந்து தரைக்கு அடியில் தேங்கியிருந்தது. கைத்தொழில் ஆசிரியர் தேய்ப்பு இயந்திரத்தை இயக்கியபோது எழுந்த பொறியில் பள்ளியே வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் மாணவர்கள். எரிவாயுவில் கெட்ட மணம் சேர்க்க வேண்டும் என்ற சட்டத்தை டெக்சஸ் அதன் பிறகு கொண்டுவந்தது. இன்று நாம் முகர்ந்து கசிவை அறிகிறோம் என்றால் அந்த மணத்துக்கு அவர்கள் கொடுத்த விலை இது. பள்ளி மாணவர்களை எரிவாயு ஓடும் இணைப்பில் வேலை செய்யவிடாதீர்கள். உரிமம் பெற்றவர் மட்டுமே தொட வேண்டிய வேலை அது. குழாய் அமைப்பதையும் கசிவுச் சோதனையையும், எரிவாயு இல்லாத பயிற்சிப் பலகையில் மிகக் குறைந்த அழுத்தக் காற்றை வைத்துப் பழக்கலாம். ஆனால் தண்ணீர்க் குழாய்களை, அதிலும் பிளாஸ்டிக் குழாய்களை, கம்ப்ரசர் காற்றால் சோதிக்கவே கூடாது. தண்ணீர் நிரம்பிய குழாய் உடைந்தால் தரை நனையும். அழுத்தக் காற்று நிரம்பிய குழாய் உடைந்தால் துண்டுகள் தெறித்துக் கண்ணில் பாயும்.

மற்றப் பாதுகாப்பு விதிகள் உங்களுக்கே தெரியும்: கண்ணாடி, கையுறை, தீத்தடுப்பு விரிப்பு, கையெட்டும் தூரத்தில் தீயணைப்பான். பற்றவைப்பை வகுப்பு முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நிறுத்திவிடுங்கள் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். சுவருக்குள் கனன்றுகொண்டிருக்கும் தீ எல்லோரும் போன பிறகுதான் எழும்.

இனி என் வகுப்பில் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் பகுதிக்கு வருகிறேன். சுவரில் ஒரு முழு அமைப்பைக் கட்டுங்கள்: மின்சாரத்தில் சூடாகும் சிறு பாய்லர், பம்ப், நான்கு ரேடியேட்டர்கள், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், விரிவுத் தொட்டி. பிள்ளைகளே கட்டட்டும், ஒரு பருவம் முழுக்க ஆனாலும் பரவாயில்லை. இயக்கிய அன்று பாய்லருக்குப் பக்கத்தில் இருக்கும் ரேடியேட்டர் கொதிக்கும், கடைசியில் இருப்பது குளிர்ந்தே கிடக்கும். ஏன் என்று முதல் வாரத்து ஹோஸ் சோதனையை நினைவுபடுத்தினால் அவர்களே சொல்வார்கள்: தண்ணீர் எளிய வழியில் ஓடுகிறது. ஒவ்வொரு ரேடியேட்டரின் சமன்படுத்தும் வால்வையும் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, நுழையும் குழாயிலும் வெளியேறும் குழாயிலும் வெப்பமானி கட்டி, நான்கையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரட்டும். ஒரு பிற்பகல் முழுக்க ஆகும்.

பிறகு அந்த அமைப்பை நீங்கள் கெடுக்க வேண்டும். பிள்ளைகள் வருவதற்கு முன் ஒரு வால்வை மூடிவிடுங்கள். ஒரு நாள் காற்றை ஏற்றிவிடுங்கள். இன்னொரு நாள் தெர்மோஸ்டாட்டின் கம்பியைக் கழற்றிவிடுங்கள், ரேடியேட்டரில் சூட்டுக்கேற்பத் தானே திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டிக் வால்வின் முள் ஒட்டிக்கொண்டதுபோல் செய்யுங்கள், விரிவுத் தொட்டியின் காற்றை இறக்கிவிடுங்கள். விதி ஒன்றுதான்: கருவியைத் தொடும் முன் என்ன பார்த்தாய், அதற்கு இருக்கக்கூடிய மூன்று காரணங்கள் என்ன, எதை முதலில் சோதிப்பாய், ஏன் என்று எழுதிக் காட்ட வேண்டும். கையால் தொட்டுப் பார்க்கலாம், காது கொடுக்கலாம், கேஜைப் பார்க்கலாம். கழற்றக் கூடாது. ரேடியேட்டரின் மேல்பக்கம் குளிர்ந்திருந்தால் காற்று. அடிப்பக்கம் நடுவில் குளிர்ந்திருந்தால் கறுப்பு இரும்புச் சேறு. முழுக்கக் குளிர்ந்திருந்தால் வால்வைப் பார். இவற்றை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். ஏன் காற்று மேலே போகும், ஏன் சேறு கீழே தங்கும் என்று யோசிப்பவர்களுக்கு மனப்பாடம் தேவைப்படாது.

முதலில் இது அவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். கை துறுதுறுக்கும் வயது. மூன்றாவது வாரத்தில் தாங்களே ஒருவர் மற்றவருக்குக் கோளாறு வைத்து விளையாடத் தொடங்குவார்கள். நல்ல கோளாறு ஒன்றை யோசித்து வைக்க, அமைப்பை எவ்வளவு புரிந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். மதிப்பெண்ணிலும் இதற்கே கூடுதல் இடம் கொடுக்கிறேன். எழுதிய காரணம் தவறாக இருந்தாலும், அதிலிருந்து சரியான காரணத்துக்கு வந்த வழி தெளிவாக இருந்தால் முழு மதிப்பெண்.

வெந்நீர் பாடத்தில் ஓர் இழுபறியைக் காட்ட மறக்காதீர்கள். நுரையீரலைத் தாக்கும் லீஜியோனெல்லா கிருமி தண்ணீரில் 20 முதல் 45 டிகிரிக்குள் பெருகும். அதனால் தொட்டியில் தண்ணீரை 60 டிகிரியில் வைக்கச் சொல்கிறோம். ஆனால் 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இன்னும் சீக்கிரம். தொட்டியில் சூடாகவும் குழாயில் மிதமாகவும் வேண்டுமென்றால் நடுவில் கலவை வால்வு வேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

வெளியிலிருந்து வெப்பத்தை இழுத்து வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் பற்றித் தனியாகக் கேட்கவில்லை, ஆனால் இந்தப் பிள்ளைகள் வேலைக்குப் போகும்போது அதைத்தான் அதிகம் பொருத்துவார்கள். ஒரே கணக்கு போதும். போகும் தண்ணீருக்கும் திரும்பும் தண்ணீருக்கும் 20 டிகிரி வேறுபாடு இருந்தால், 10 கிலோவாட் வெப்பத்தைக் கொண்டுபோக நிமிடத்துக்கு ஏறத்தாழ 7 லிட்டர் ஓட வேண்டும். ஹீட் பம்ப்பில் வேறுபாடு 5 டிகிரிதான் என்றால் 28 லிட்டருக்கு மேல். பழைய மெல்லிய குழாயிலேயே ஹீட் பம்ப்பைக் கோத்தால் வீடு ஏன் சூடாகாது என்பதற்கு முதல் வாரத்து ஹோஸே பதில்.

கடைசியாக, 20 பேரை எப்படிச் சமாளிப்பது என்ற கேள்வி. எல்லோரையும் ஒரே வேலையில் நிறுத்தினால் வரிசையில் நின்றே நேரம் போய்விடும், தீயும் ரம்பமும் இருக்கும் இடத்தில் சும்மா நிற்கும் பிள்ளைதான் ஆபத்து. நான்கு பேராக ஐந்து குழுக்களாகப் பிரியுங்கள். ஒன்று பற்றவைக்கும், ஒன்று கழிவுக் குழாய்க்கு வாட்டம் பார்க்கும், ஒன்று வரைபடம் போட்டு அளவெடுக்கும், ஒன்று அழுத்தச் சோதனை, ஒன்று சுவர் அமைப்பில் கோளாறு தேடும். வாரம் ஒருமுறை இடம் மாறட்டும். நீங்கள் எப்போதும் தீ எரியும் மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள், மற்ற நான்கும் அங்கிருந்து கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மேசைகளைப் போடுங்கள். முதல் வாரத்துக்கு வாளியும் ஹோஸும் கேஜும் வாங்கினால் போதும், பாய்லரை அடுத்த பருவத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.